மூன்று வண்டிகளைச் சோதித்த வயிறு

இறம்பொடை அருவி மோட்டார் கம்பெனியின் பரிசோதனைப் பயணியாகப் பணியாற்றி இன்று ஓய்வுபெறும் மாண்புமிகு மீனம்மா அம்மையார் அவர்களின் திருமுன், தொழிலாளர் அனைவரும் தலைதாழ்த்தி வாசித்தளிக்கும் மடல்

மலைமகளே! மாசற்ற மனமே! வளைவுகளையெல்லாம் வயிற்றால் அளந்த வல்லமையே! வணக்கம்.

உங்களை நேரே பார்த்துப் புகழ்ந்தால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போய்விடுவீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். ஆகவே வாழ்த்தை உங்களுக்கும் வரலாற்றைச் சபைக்கும் பிரித்துச் சொல்கிறோம். வரலாறு முடியும்வரை வேறு யாருடைய கதையோ என்பதுபோல் உட்கார்ந்திருங்கள்.

சபையோரே, ஹட்டன் கடைவீதியில் இரும்புக்கடை வைத்திருந்த சுந்தரலிங்கம் முதலாளி, யுத்தம் முடிந்து பட்டாளத்தார் விட்டுப்போன லொறிகளை வாங்கிக் குவித்து, இறம்பொடையில் மூடிக்கிடந்த தேயிலைத் தொழிற்சாலை ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து, இங்கே மோட்டார் வண்டி செய்யப்போகிறேன் என்று 1949இல் பலகை மாட்டினார். ஊர் வயிறு குலுங்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் தோட்டத்துப் பெண் ஒருவர் படலைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார்.

"இந்த வண்டியில பிள்ளத்தாச்சிய படுக்க வச்சு நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியுமாங்க?" என்று கேட்டார்.

அவர்தான் நம் மீனம்மா அம்மையார். அவருடைய தங்கை நாகலெட்சுமி, இடுப்பு வலி கண்ட நிலையில், தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறியில் சாக்குமேல் கிடத்தி மலை ஏற்றப்பட்டவள். முனியாண்டி கல் இருக்கும் கொண்டைவளைவில் லொறி தூக்கிப்போட்டது. அக்காளின் மடியிலேயே அவள் உயிர் போயிற்று, வயிற்றுப் பிள்ளையும் போயிற்று. அன்று முதல் எந்த வண்டியில் ஏறினாலும் மீனம்மா அம்மையாருக்குக் குமட்டும். முனியாண்டி வளைவு வந்தால் குடலே வெளியே வருவதுபோல் இருக்கும்.

"முடியுமா முடியாதான்னு நீங்களே ஏறிப் பாத்துச் சொல்லுங்கம்மா" என்றார் முதலாளி.

அம்மையார் பயந்துகொண்டே ஏறினார். மூன்றாம் வளைவிலேயே புத்தம்புதிய இருக்கைமேல் வாந்தி எடுத்தார். வண்டி ஓட்டிய ஆண்டியப்பன், இதோடு நம் வேலையும் போயிற்று என்றே நினைத்தார். முதலாளி கோபப்படவில்லை.

"எந்த இடத்துல வந்துச்சு?" என்று மட்டும் கேட்டார்.

"மூணாவது வளைவுலங்க."

"அப்ப அங்கதான் நம்ம வண்டி கெட்டுப்போயிருக்கு. நாளைக்கும் வாங்கம்மா."

இப்படியாக உலகில் வேறெந்தக் கம்பெனியிலும் இல்லாத உத்தியோகம் ஒன்று இறம்பொடையில் உண்டாயிற்று.

எங்கள் முதல் வண்டிக்குப் பெயர் 'கொழுந்து'. இளம்பச்சை நிறம், திறந்த மேல்புறம், தோட்டத்துக் கிளாக்கர்மார் குடும்பத்தோடு கோவிலுக்குப் போகத் தோதானது. மூன்றாம் வளைவில் வந்த குமட்டல் முனியாண்டி வளைவுக்குத் தள்ளிப்போகும்வரை, ஸ்பிரிங் பட்டைகளைக் கழற்றிக் கழற்றிப் பூட்டினோம். இரண்டாவது 'மேகம்'. மழைக்கு மூடிய வண்டி. அதன் கண்ணாடி ஒரே சுற்றில் சட்டென்று இறங்குகிறதே என்று வாங்கியவர்கள் இன்றும் மெச்சுகிறார்கள். அவசரம் யாருக்கு இருந்தது என்பதை நாங்கள் விளம்பரத்தில் போடவில்லை.

இரண்டு வண்டியும் நன்றாக விற்றன. அம்மையார் மட்டும் ஒவ்வொரு முறையும் இறங்கி, வாயைக் கொப்பளித்துவிட்டு, "இதுல பிள்ளத்தாச்சிய ஏத்த முடியாதுங்க" என்பார். மறுநாள் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு மறுபடி ஏறுவார். பாதி வயிற்றோடு போனால் கஷ்டம் குறையுமே என்று ஆண்டியப்பன் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "வலி வரப்போவுதுன்னு தெரிஞ்சு பிள்ளத்தாச்சி பட்டினி கெடப்பாளா?" என்று கேட்டு அவர் வாயை அடைத்துவிட்டார். அஞ்சுவதை நாள்தோறும் விரும்பிப்போய்ச் சந்திக்கும் மனிதரை நாங்கள் வேறெங்கும் கண்டதில்லை.

மூன்றாவது வண்டி, தோட்டத்து நோயாளிகளுக்கென்றே செய்தது. முதலாளியின் கைப்பணம் முழுவதும் அதில் இறங்கிவிட்டது. விலைபேச வந்த தோட்டத்துத் துரைமார் நுவரெலியா ஆஸ்பத்திரி வாசலில் குடைபிடித்துக் காத்திருந்தார்கள். வண்டி வந்து நின்றது. பின்கதவு திறந்தது. அம்மையார் முகம் வாடாமல், சேலை கசங்காமல் இறங்கினார். முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. துரைமார் கைதட்டினார்கள்.

அம்மையார் மட்டும் சிரிக்கவில்லை. முதலாளியின் பக்கத்தில் வந்து நின்றார்.

"மொதலாளி, இன்னைக்கு ஆடி வெள்ளிங்க. நான் விரதம். பச்சத்தண்ணி கூடக் குடிக்கல. ஓடுற ஓட்டத்துல அதச் சொல்ல எனக்கே நெனப்பில்ல. இது செல்லாதுங்க."

நாள் பார்த்து, நேரம் பார்த்து, எலுமிச்சம்பழம் நசுக்கி வண்டியை எடுத்த எங்களில் ஒருவருக்கும் அன்றைக்கு விரதம் என்பது தோன்றாமற் போயிற்று. அவர் பேசாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. முதலாளி நேரே துரைமாரிடம் போய், வண்டி இன்னும் தயாராகவில்லை என்று சொல்லிவிட்டு வந்தார்.

மறுநாள் அம்மையார் தேங்காய் ரொட்டியும் சம்பலும் நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏறினார். முனியாண்டி வளைவு தன் பங்கைத் தவறாமல் வாங்கிக்கொண்டது.

பட்டறைத் தலைவர் செல்லசாமி ஒரு வாரம் அம்மையாரோடு முகம்கொடுத்துப் பேசவில்லை. அந்தக் கோபத்தோடேயே லயத்து வரிசைவீட்டுக் காம்பராவில் தன் கைக்குழந்தையைச் சேலைத் தொட்டிலில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தவர், பாதியில் எழுந்து பட்டறைக்கு ஓடிவந்தார். வண்டியின் தரையோடு ஆணியடித்திருந்த கட்டிலைப் பெயர்த்தார். நாலு மூலையிலும் சங்கிலி, சங்கிலி நுனியில் ஸ்பிரிங், பக்கவாட்டில் மோதாமலிருக்க ரப்பர் என்று கூரையிலிருந்தே அதைத் தொங்கவிட்டார். தை பிறந்து, விரதமில்லாத ஒரு நாளில், வயிறு நிறைந்த அம்மையாரை அதில் படுக்கவைத்தோம்.

ஆஸ்பத்திரி வாசலில் ஆண்டியப்பன் கதவைத் திறந்தார். உள்ளே அசைவில்லை. பதறிப்போய் உள்ளே தலையை நீட்டினார். பிறகுதான் மெல்லிய குறட்டை கேட்டது.

யாரும் எழுப்பவில்லை. முதலாளி தூறலில் நனைந்தபடி கதவருகே காவல் நின்றார். வெகுநேரம் கழித்து அம்மையார் கண் திறந்தார்.

"முனியாண்டி வளைவு வந்துருச்சா?"

"அதத் தாண்டி வந்துட்டோங்கக்கா" என்றார் ஆண்டியப்பன்.

அம்மையார் எழுந்து உட்கார்ந்து தொங்கும் கட்டிலின் சங்கிலியைத் தடவிப் பார்த்தார். "நாகு இதுல வந்திருந்தா பொழச்சிருப்பா" என்று சொல்லி, தங்கை இறந்த நாளில் அழாத அழுகையெல்லாம் அங்கே அழுதார். எங்கள் மூன்றாவது வண்டிக்குத் 'தொட்டில்' என்று பெயர் வைத்தவர் அவர்தான். போன துரைமார் திரும்பி வந்தார்கள். இன்று கந்தப்பளையிலிருந்து கினிகத்தேனைவரை தோட்டந்தோறும் அந்த வண்டி நிற்கிறது. அதில் போன தாய்மார் கையில் பிள்ளையோடு திரும்பி வருகிறார்கள்.

வரலாறு முடிந்தது அம்மா, இனி எங்கள் பக்கம் திரும்புங்கள்.

எஞ்சின் செய்தோம், சக்கரம் செய்தோம் என்று மார்தட்டும் நாங்கள், ஒரு வண்டி எதற்காக ஓடவேண்டும் என்பதை உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். உங்களை நினைத்தால் எங்களுக்குப் பிரமிப்பாக இருக்கிறது. இதைவிட அலங்காரமான சொல் எங்களிடம் இல்லை. நோயின்றி, நோன்பு நாளைத் தவிர வேறெந்நாளும் பசியின்றி, மகள் பூரணியின் கந்தப்பளை வீட்டில் பேரப்பிள்ளைகள் சூழ நீங்கள் நெடுங்காலம் வாழ வேண்டும்.

இன்று மாலை உங்களைக் கந்தப்பளைக்கு அழைத்துப்போகத் 'தொட்டில்' வாசலில் நிற்கிறது. இனி நீங்கள் எங்களுக்கு எதையும் சோதித்துச் சொல்ல வேண்டியதில்லை. ஏறிப் படுத்துக்கொள்ளுங்கள். முனியாண்டி வளைவில் ஆண்டியப்பன் உங்களை எழுப்பமாட்டார்.

என்றும் உங்கள் பிள்ளைகளாகிய
அருவி மோட்டார் கம்பெனித் தொழிலாளர்
இறம்பொடை, 1965