ஒரு எஞ்சின், ஒரு விமானி

— அதெல்லாம் சரி ட்ரெவர், இந்த ஒத்த எஞ்சின் நடுவானத்துல நின்னுபோச்சுன்னா என்ன பண்றது? அதை முதல்ல சொல்லு.

— நிக்காதுங்க லின்ட்சே. இது டர்பைன். ஜெட்டுக்குள்ள இருக்கறதேதான், இங்க முன்னாடி இருக்கற காத்தாடியைச் சுத்துது. அப்படியே நின்னாலும் எட்டு கிலோமீட்டர் உயரத்துல இருக்கோம். சும்மா மிதந்துக்கிட்டே நூறு கிலோமீட்டர் போகலாம். கீழ எட்டிப் பாருங்க, நாம கிளம்பின லாங்ரீச்ல இருந்து உங்க ப்ளூபுஷ் பண்ணை வரைக்கும் வெறும் புல்தரை. எங்க வேணா இறங்கலாம்.

— எட்டிப் பாக்கறதா? அதுக்குப் பயந்துதானே பின்னாடி பாத்த சீட்டா தேடி, உங்களுக்கு முதுகைக் காட்டி உக்காந்திருக்கேன். நீங்க ரெண்டு பேரும் முன்னாடி வேடிக்கை பாருங்க. ஜோ, உயிரோட இருக்கியா? ஏறினதுல இருந்து உன் சத்தத்தையே காணோம்.

— இருக்கேன் லின். நீ ட்ரெவர்கிட்ட பேசு.

— முப்பத்தோரு வருஷத்துல என் பொண்டாட்டி வாயைத் திறக்காம வந்த பயணம் இதுதான் தம்பி. இதுக்காகவே நீ விக்கற இந்த விமானத்தை வாங்கலாம் போல இருக்கு.

— வாங்கிடுங்களேன்.

— ஆசையைப் பாரு. வெள்ளிக்கிழமை ப்ளூபுஷ்ஷை விக்கறதுக்குக் கையெழுத்துப் போடறேன். எல்லாம் பேசி முடிச்சாச்சு. ஒரு தடவை சும்மா ஏறித்தான் பாரேன்னு இவ உயிரை வாங்கினா, வந்தேன்.

— அது எங்கப்பா நிலம், லின்.

— தெரியாமலா இருக்கேன்? நான் என்ன மனசாரவா விக்கறேன்? வீட்ல இருந்து ஏழு மணி நேர ஓட்டம். மாசத்துல நாலு நாள் ரோட்டுலயே போயிடுது. மழை பிடிச்சா ஆறு வாரம் ரோடே கிடையாது. போன வருஷம் பம்ப் நின்னுபோனது எனக்குத் தெரியறதுக்குள்ள எத்தனை மாடு தண்ணியில்லாம விழுந்துச்சுன்னு நீயும்தான் பாத்தே. இனிமே என்னால முடியாது ஜோ.

— ஏழு மணி நேரமா? இதுல அம்பது நிமிஷம். நாம கிளம்பி இப்ப முப்பத்தஞ்சு ஆச்சு.

— முப்பத்தஞ்சுதானா? இன்னும் டீயே ஆறலை.

— கேளுங்க. பிரிஸ்பேன்ல இறைச்சிக் கம்பெனிக்காரங்களைப் பாக்கணும்னு வைங்க. காலையில மாட்டுக்குத் தீவனம் போட்டுட்டுக் கிளம்பினா பத்து மணிக்கு அவங்க ஆபீஸ்ல இருப்பீங்க. சாயந்திரம் வீட்டுச் சாப்பாடு.

— பக்கத்துப் பண்ணை காவின், வாங்கறதுன்னா ஜெட்டா வாங்குங்கறான்.

— வாங்கி எங்க இறக்குவீங்க? அதுக்குத் தார் போட்ட ஓடுபாதை வேணும். டவுன்ல இறங்கி மறுபடி மூணு மணி நேரம் வண்டி ஓட்டணும். இது எண்ணூறு மீட்டர் மண் தரை இருந்தா போதும், வீட்டு வாசலுக்கே வந்துடும். பின்னாடி கதவைப் பாத்தீங்கல்ல, முழு பம்பையே உள்ள தூக்கி வைக்கலாம். ரெண்டு எஞ்சின் விமானம் குடிக்கற எண்ணெயில பாதிதான் இதுக்கு.

— லின், உன் பக்கத்து ஜன்னல்ல பாரு. தாழ வந்துட்டோம், பயப்படாத. நம்ம மாட்டுத் தண்ணித் தொட்டி, வடக்குல இருக்கறது.

— எங்க... அடடா. தொட்டி உடைஞ்சு தண்ணி ஆறா ஓடுதே. ஒரு கிலோமீட்டருக்குப் பச்சையா கிடக்கு பாரு. ட்ரெவர், ரேடியோவுல ப்ளூபுஷ் வீட்டைப் பாத்துக்கற ஆளைக் கூப்பிடு, போய் வால்வை மூடச் சொல்லு. இதை நான் ரோட்டுல வந்து கண்டுபிடிக்க இன்னும் மூணு வாரம் ஆயிருக்கும்.

— சொல்லிட்டேன். அவர் பிக்கப்பை ஓடுபாதையில மேலயும் கீழயும் ஓட்டி, படுத்திருந்த காளைங்களை விரட்டிட்டாராம். இறங்கிட்டுத் தொட்டிக்குப் போகலாம்.

— நல்ல விமானம்தான் தம்பி. இல்லேன்னு சொல்ல மாட்டேன். அதெல்லாம் சரி, ஓட்டறது யாரு?

— ஒரு விமானி போதும். சட்டமே ஒருத்தர் போதும்னுதான் சொல்லுது.

— அந்த ஒருத்தன்தான் எங்க கிடைப்பான்? காவின் தன் சின்ன விமானத்துக்கு ஒருத்தனைப் பிடிச்சு வச்சிருந்தான். வீடு, ஏசி, எல்லாம் குடுத்தான். ஒரு கோடையைப் பாத்தான் அந்தப் பையன். ஈ, வெயில், பக்கத்து வீடு நூறு கிலோமீட்டர். கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனவன் பெரிய விமானக் கம்பெனியில சேந்துட்டான். இதுக்கு என்ன சொல்றே?

— இறங்கினப்புறம் பேசலாமே.

— ட்ரெவர், காத்து எந்தப் பக்கம்?

— இடது பக்கம். கொஞ்சம் பலமாத்தான் இருக்கு.

— ஜோ, அவனைத் தொணதொணக்காத. வேலையைப் பாக்க விடு. நான் கண்ணை மூடிட்டேன். தரையைத் தொட்டதும் சொல்லுங்க.

— தொட்டாச்சு லின்ட்சே.

— எப்போ?

— ஓடிக்கிட்டிருக்கோம். இதோ, நின்னாச்சு. கண்ணைத் திறங்க.

— விளையாடாத. காவினோட ஆளு இதே மண்ணுல மூணு தடவை தவளை மாதிரி குதிப்பான், என் பல்லு செட்டே கழண்டிருக்கு. இப்ப டீ கூட தளும்பலை. தம்பி, நீ எங்கிட்ட வந்துடு. உனக்கு என்ன வேணும் சொல்லு. இப்படி இறக்கற ஆள் ஒருத்தர் என் பண்ணைக்குக் கிடைச்சா, வெள்ளிக்கிழமை அந்தக் காகிதத்தைக் கிழிச்சுப் போட்டுட்டு இதை வாங்கறேன்.

— நிஜமாவா லின்? அப்புறம் மாத்திப் பேச மாட்டியே?

— நான் என்னிக்கு மாத்திப் பேசியிருக்கேன்? ஆள் கிடைச்சா உங்கப்பா நிலத்தை விக்கலை. ட்ரெவர்தான் சாட்சி. சொல்லு தம்பி, வர்றியா?

— நான் எதுக்குங்க? லாங்ரீச்ல கிளம்பினதுல இருந்து, ரேடியோவைத் தொட்டதைத் தவிர, என் ரெண்டு கையும் மடியிலதான் இருக்கு. கமிட்டிக் கூட்டம்னு சொல்லிட்டு ரெண்டு வருஷமா செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை வந்து எங்கிட்ட கத்துக்கிட்டு, லைசென்ஸும் வாங்கினவங்க இங்க விமானி உக்கார்ற இடது பக்க சீட்ல உக்காந்து கண்ணைத் துடைச்சுக்கிட்டு இருக்காங்க. கொஞ்சம் திரும்பித்தான் பாருங்களேன்.