தீவு பங்களாவில் நான்காவது டம்ளர்

அந்தி ஆறு மணியானால் பிரான்சிஸ் வராந்தாச் சுவரின் மேல் டம்ளர்களை வரிசையாக வைத்துவிடுவார். தூண்டில் போடப் போன விருந்தாளிகள் எத்தனை பேரோ, அத்தனை டம்ளர். திரும்பி வந்து தேநீர் குடித்தவருடையதைக் கழுவிக் கவிழ்ப்பார். எல்லாம் கவிழ்ந்த பிறகே கம்பத்தில் ஏற்றிய லாந்தரை இறக்குவார். இருட்டில் வரும் பரிசலுக்கு அந்த ஒரு வெளிச்சம்தான் வழி.

இந்தப் பிரான்சிஸ் தீவு பங்களாவின் சமையல்காரர்; என் நண்பர் ஆரோனின் மைத்துனர். மின்சாரம் போய்த் தறிகள் எல்லாம் ஓய்ந்துவிட்டன. பிள்ளைகளா, நெருங்கி உட்காருங்கள், சொல்கிறேன்.

"இன்னைக்கும் நரி, காக்கா கதைதானுங்களா சார்?" என்றாள் என் டியூஷன் மாணவி டெய்சி.

இல்லை, அம்மணி. இதில் நரி கிடையாது.

அணை கட்டியபோது ஊர்கள் மூழ்கின. ஒரு கரட்டின், அந்தச் சிறு குன்றின், தலை மட்டும் தீவாக எஞ்சியது. கோயமுத்தூர் மில் முதலாளி ஒருவர் அதன்மேல் மீன்பிடி பங்களா கட்டினார். மூழ்கிய ஊர்க்காரரான சென்னிமலை அங்கே பரிசல் ஓட்டினார். அவருக்கு மட்டும் டம்ளர் கிடையாது. கீழ்ப்படியில் அமர்ந்து கொட்டாங்குச்சியில் குடிக்க வேண்டும். தேநீர் வேண்டுமென்றால் அதைக் கல்லில் தட்டுவார். டொக்... டொக்... டொக்.

முதலாளி இறந்து பல ஆண்டுகள் ஆகியும் பிரான்சிஸ் அந்த வழக்கத்தை மாற்றவில்லை.

"ஏனுங்க தம்பி, எனக்கொரு டம்ளரு வெச்சா உங்க டீ புளிச்சுப்போகுமுங்களா?" என்று சென்னிமலை கேட்பார். பிரான்சிஸ் சிரித்து மழுப்பிவிடுவார்.

தொண்ணூற்று மூன்று, ஐப்பசி. பேய்க்காற்று... மழை. தூண்டில் போடப் போன மூன்று விருந்தாளிகள் அந்தியில் தீவுக்குத் திரும்பி இறங்கினார்கள். ஒருவர் தூண்டிலை அக்கரையில் மறந்துவிட்டாராம். எடுத்துவரச் சென்னிமலையை அனுப்பினார். அது அடுக்களையில் நின்ற பிரான்சிஸின் காதிலும் விழுந்தது. ஆனாலும் மூன்று டம்ளர்களும் கவிழ்ந்ததும், அவர் கை வழக்கம்போல் லாந்தரை இறக்கிவிட்டது.

காலையில் பரிசல் கவிழ்ந்து மிதந்தது. ஆள் கிடைக்கவில்லை. வேறொரு பரிசல் வந்து விருந்தாளிகளை ஏற்றிப்போனது. அது இனி சனிக்கிழமைதான் வரும். பங்களாவுக்குக் காவலாகப் பிரான்சிஸ் மட்டும் தங்கினார்.

அன்று அந்தி. டொக்... டொக்... டொக்.

கீழ்ப்படியில் யாரும் இல்லை. தாரும் மீனும் கலந்த ஈரப் பரிசல் வாடை. கொட்டாங்குச்சி நிறையக் கலங்கிய தண்ணீர். அதைத் தூக்கித் தூர வீசினார். மறுநாள் அந்தியில் அது அங்கேயே இருந்தது... ஒரு படி மேலே. மூன்றாம் நாள், கதவருகே.

"ஓடிப்போயிருக்கலாமில்லீங்க சார்?" டெய்சியின் குரல் இறங்கிவிட்டது.

எப்படி ஓடுவது? சுற்றிலும் தண்ணீர். பரிசல்காரர்தான் இல்லையே.

நான்காம் நாள் பிரான்சிஸ் விருந்தாளிகளின் டம்ளர் ஒன்றைச் சுவரில் வைத்தார். அதில் தேநீரை நிறைய ஊற்றினார். லாந்தரை ஏற்றிவிட்டு, இருட்டைப் பார்த்துச் சொன்னார்:

"அண்ணா... உங்களை நான் எண்ணவே இல்லீங்க. தப்புத்தானுங்க. மேல வந்து குடிங்க. நீங்க வர்ற வரைக்கும் வெளக்க எறக்கமாட்டேனுங்க."

உள்ளே போய்த் தாழிட்டு, ஜெபமாலையை இறுகப் பிடித்துக்கொண்டார். அன்று தட்டும் ஓசை இல்லை. ஈரப் பாதங்கள் படியேறும் ஓசை மட்டும்... சளப்... சளப்...

விடிந்ததும் கதவைத் திறந்தார். டம்ளர் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

லாந்தர் அணைந்து, கம்பத்தடியில் இருந்தது. பிரான்சிஸ் அதை இறக்கவில்லை. இறக்கிய கயிற்றில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

இரவெல்லாம் மழையே இல்லை.