மூணு வீட்டுக்கு ஒரே குழந்தை

ஹலோ... ஆமா டாக்டர், நான்தான். வணக்கம்... இல்ல இல்ல, கேக்குது, சொல்லுங்க... அது தையல் மெஷின் சத்தம். எடை பாக்க வந்த வீட்டுலதான் இருக்கேன், மூணாவது மாடில... ஒரு நிமிஷம் டாக்டர். அக்கா, கொஞ்சம் மெஷின நிறுத்துங்களேன், டாக்டர் பேசறாங்க... ம், இப்ப சொல்லுங்க.

...ஆமா, ஆமா... மூணு குண்டுப் புள்ளைங்களோட எடையும் குறைஞ்சு கோட்டுக்குள்ள வந்துடுச்சுன்னு போன மாசம் நான்தானே எழுதிக் குடுத்தேன்... ஐயோ, எனக்கு எதுக்கு டாக்டர் பாராட்டு... மீட்டிங்லயா? எல்லார் முன்னாடியும் எழுந்து நின்னு நான் பேசணுமா... எப்ப... இன்னைக்கு மத்தியானமேவா.

டாக்டர், டாக்டர், கொஞ்சம் இருங்க. நீங்க அங்க வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லியாகணும். நானே கூப்பிட்டிருப்பேன், அரை மணி நேரமா போனைக் கையில வெச்சுக்கிட்டுத் தைரியம் தேடிக்கிட்டு இருந்தேன்... இல்ல, எடை மெஷின் நல்லாத்தான் இருக்கு. புள்ளைதான்...

அதாவது, மூணு வீட்டுக்கும் ஒரே புள்ளை டாக்டர்.

...ஹலோ? இருக்கீங்களா?... இருங்க, மொதல்லேர்ந்து சொல்றேன்.

போன மாசம் மூணு வீட்டுக்கும் தனித்தனி நாள்ல போனேன். இன்னைக்கு மூணையும் ஒரே காலையில முடிச்சுடலாம்னு வந்தேன். மொத வீடு இந்தத் தையல்காரம்மா வீடு. இவங்களுக்குப் பையன். எடை போட்டுக்கிட்டு இருக்கும்போதே என் காதுல சொருகியிருந்த பேனாவைப் பிடுங்கிக் கன்னத்துல ஒரு கோடு போட்டுக்கிட்டான். சரி, புள்ளைன்னா அப்படித்தான். அடுத்தது டிரைவர் வீடு. அவங்களுக்குப் பொண்ணு. கிளிப்பெல்லாம் மாட்டித் தூக்கிட்டு வந்தாங்க. கன்னத்தைத் துடைச்சிருக்காங்க, ஆனா மை போகல. நேரா என் காதுக்குத்தான் கையை நீட்டுது... ஆமா டாக்டர், எனக்கு அப்பவே லேசாத் தட்டுச்சு. மூணாவது வீட்டுல, அதான் ஸ்கூல் பெருக்கப் போறாங்களே அவங்க வீட்டுல, புள்ளை இடுப்புலேர்ந்து இறங்கித் தானாவே மெஷின்ல ஏறி உக்காந்துக்கிச்சு. உக்காந்து, எழுதிக்கன்னு என்னைப் பாக்குது. அதுக்கு வேலை பழகிடுச்சு.

நான் சிரிச்சுட்டேன். சிரிச்சிருக்கக்கூடாது. அவங்க அழ ஆரம்பிச்சுட்டாங்க.

...பின்பக்கம் துணி காயப்போடற நடை ஒண்ணு இருக்கு டாக்டர், நாலு வீட்டுக்கும் பொது. முன்கதவுல நான் செருப்பைக் கழட்டறதுக்குள்ள பின்னாடி கை மாறிடும்... யாரோட புள்ளையா? நாலாவது வீட்டுப் புள்ளை. நம்ம லிஸ்ட்ல இல்ல, அவங்க அப்புறமாக் குடி வந்தவங்க... போன மாசமும் அதேதான். மொத தடவை நான் வரலையே, எனக்கு முன்னாடி இருந்தவங்கதானே வந்தாங்க. எந்த வீட்டுப் புள்ளை எப்படி இருக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்.

...மோசடின்னு சொல்லாதீங்க டாக்டர்... புரியுது, உங்க ஒரு வருஷ ஆராய்ச்சி. கோவம் வரத்தான் செய்யும்... திட்டுங்க, நான் கேட்டுக்கறேன். ஆனா ஏன் செஞ்சாங்கன்னும் கேளுங்க.

மொத தடவை எடை பாத்ததும் ஒரு சிவப்புத் தாளைக் குடுத்துச் சுவத்துல ஒட்டச் சொன்னோம் இல்ல? 'அதிக எடை'ன்னு கொட்டை எழுத்துல. இவங்க வீட்டுக்காரர் அதைப் படிச்சுட்டு, நாள் பூரா வீட்டுலதானே கிடக்கற, ஒரு புள்ளைய வளக்கத் தெரியலையான்னு கேட்டாராம். நாள் பூரா இவங்க மெஷின்ல குனிஞ்சு கிடக்கறது அவர் கண்ணுக்குத் தெரியல. துணி குடுக்க வர்றவங்களும் அந்தத் தாளைப் படிச்சுட்டுத்தான் அளவே குடுப்பாங்களாம். டிரைவர் வீட்டுல இன்னும் மோசம். மாமியார் புள்ளையோட பாலைப் பாதியாக் குறைச்சுட்டாங்க. அது ராத்திரி பசிச்சு அழுதா, அந்த மருமக பாத்ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு பிஸ்கட் ஊட்டுது... ஆமா டாக்டர், பாக்கெட் பிஸ்கட்தான். நாம எதை வேணாம்னோமோ அதேதான்... சொல்லிட்டேன், பாலைக் குறைக்கக்கூடாதுன்னு சொல்லிட்டேன். ஆனா நான் சொன்னா அந்த மாமியார் கேப்பாங்களா.

ஸ்கூல் பெருக்கறவங்க அழுது முடிச்சுட்டு என்கிட்ட ஒண்ணு கேட்டாங்க. 'நீங்க எம்புள்ளைய எடைபோட வந்தீங்களா, என்னை எடைபோட வந்தீங்களா?'

அந்தச் சிவப்பு யார் யோசனையோ தெரியல, ஆனா அவங்க ஒரு நாளாவது... நீங்களா.

...சரிங்க டாக்டர்... இல்ல, கலர் நல்ல கலர்தான்... தெரியாமப் பேசிட்டேன்.

...சிரிக்கறீங்களா? அப்பாடா.

இல்ல டாக்டர், ஒண்ணும் வீணாகல. குட்டு வெளிப்பட்டதும் நாலு பேரும் இங்க தரையில உக்காந்து ரெண்டு மணி நேரம் பேசினாங்க. கீழ ரெண்டு கட்டடத்துக்கும் நடுவுல புள்ளைங்க ஓடறதுக்குன்னு ஒரு இடம் விட்டிருக்காங்க. அதுல ஏதோ கம்பெனிக்காரன் பழைய லாரியெல்லாம் கொண்டாந்து நிறுத்திட்டான். நடக்க ஆரம்பிச்ச புள்ளைய எங்க இறக்கி விடறது? மெஷின் பக்கத்துல விட்டா ஊசி. அதனால கையில பிஸ்கட்டும் செல்போனும் குடுத்துக் கட்டில்ல உக்கார வெச்சுடறாங்க. சோம்பேறித்தனம் இல்ல டாக்டர், பயம். நம்ம எட்டுப் பக்கக் கேள்வித்தாள்ல லாரியப் பத்தி ஒரு கேள்வி கூட இல்ல.

...போட்டுட்டேன், உண்மையான எடை மூணும் போட்டுட்டேன். ரெண்டு பேர் கோட்டுக்கு மேலதான். டிரைவர் வீட்டுப் புள்ளைக்கு ரெண்டு மாசமா ஏறவே இல்ல. அதை நீங்க கட்டாயம் பாக்கணும்.

நாலாவது வீட்டம்மாவா? அவங்க புள்ளைய இன்னைக்கு மட்டும் மூணு தடவை எடைபோட்டேன். போற நேரத்துல மெதுவா வந்து, 'எல்லாருக்கும் குடுத்தேனே, எம்புள்ள இப்படி ஒல்லியா இருக்கே, பரவாயில்லையா'ன்னு கேக்கறாங்க. லிஸ்ட்ல இல்லாத புள்ளைக்கு அதைக் கேக்க வேற வழியில்லாமத்தான் இத்தனை நாளா குடுத்திருக்காங்க. நல்லா இருக்குன்னு சொன்னதும் முகத்தைப் பாக்கணுமே.

டாக்டர், இந்த மூணு பேரையும் லிஸ்ட்லேர்ந்து எடுத்துடாதீங்க. வேணும்னா என்னை எடுத்துடுங்க... நெஜமாத்தான் சொல்றேன்... ம்... ம்... மீட்டிங்ல இதையேவா? தப்பு நம்ம பக்கம்னேவா?... எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல, உங்களுக்குத்தான்... சரி... வியாழக்கிழமை நீங்களே வர்றீங்களா? மாமியார்கிட்டயும் பேசுவீங்க இல்ல... சந்தோஷம் டாக்டர். தாளை இப்பவே கிழிச்சுடறேன்.

...யாரு, தையல்காரம்மாவா? எதிர்லதான் இருக்காங்க. நான் பேச ஆரம்பிச்சதிலேர்ந்து பையனை மடியில வெச்சுக்கிட்டு என் வாயவே பாத்துக்கிட்டு இருக்காங்க... இப்பவா? குடுக்கறேன், இருங்க.

அக்கா, டாக்டர் உங்ககிட்ட பேசணுமாம்... திட்டறதுக்கு இல்லக்கா. மன்னிப்புக் கேக்கணுமாம்... உங்ககிட்டதான், வேற யார்கிட்ட. புள்ளைய என்கிட்ட குடுத்துட்டு, இந்தாங்க, போனைப் பிடிங்க.