கொழும்பில் ஒழுகிய கூரை

ஹட்டனிலிருந்து தோட்டத்துக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்கள் இருவர் உட்கார்ந்திருந்தார்கள்.

"நம்ம லயத்து வீட்டுக் கூரை கொழும்புல ஒழுகுச்சுக்கா," என்றாள் இளையவள்.

"என்னடி ஒளர்ற?"

"நம்ம பொண்ணுங்க நடத்துற இணையப் பக்கத்துல ஒழுகுற கூரைய வீடியோ போட்டேன்ல? கொழும்புல இருக்குற சனங்க அதப் பாத்துட்டு, தோட்டத்துத் தொரைக்குப் போன் மேல போனாம். அதான் நேத்து புதுத் தகரம் போட்டாங்க."

"என் போன்ல அது தெறக்கவே இல்லையே?"

"நீங்க போட்டது மலிவு டேட்டா கார்டுக்கா. கம்பெனிக்காரன் விட்ட ரெண்டு மூணு ஆப்தான் அதுல வரும். நம்ம பக்கத்துக்கு அதுல வழி இல்ல."

"எல்லாக் கார்டும் இப்பிடி ஆயிருந்தா?"

"காலையில வேலைக்குப் பேரு குடுக்குற பெரட்டுல நாம கத்துனது பெரட்டோடயே போயிருக்கும். நல்லவேள, கொழும்புக்காரங்க போன்ல பெரிய பக்கம், நம்ம பக்கம் எல்லாம் ஒண்ணுபோலத் தெறந்துச்சு. பாத்துப் பேசுனவங்களுக்குப் புண்ணியமாப் போகட்டும்."

வெளியே மழை பிடித்தது. மூத்தவள் திடீரென்று சிரித்தாள்.

"பழக்கத்துல இன்னிக்கும் ஒழுகுற தண்ணிக்கு மூலைக்கு மூலை சட்டி வச்சிட்டு வந்துட்டேன்டி. போயி அதுல சோறாக்கணும்."