ரோமாபுரி ஆட்டம்

1926, ஆடி மாதம். மாலை ஏழு மணி. ரங்கூன், கெமண்டைன் படகுத்துறைச் சாலையில் ஈ காக்கை இல்லை... மழை மட்டும்தான். நம் சாதிக் பாட்சா, ஒரு மாதமாகப் பூட்டிக்கிடந்த சர்க்கஸ் கூடாரத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். விடிந்தால் கூடாரத்தைப் பிரித்துவிடுவார்கள். அதற்குள் தன் தகரக் குழலை எடுத்துவிட வேண்டும். அதில் பேசித்தான் அவர் ஒவ்வொரு ஆட்டத்தையும் அறிவிப்பார்.

கடைசியாக அறிவித்தது ரோமாபுரி ஆட்டம்.

"போர்க்கைதிகளை ஏவிக் கட்டிய வட்டக் கல்கொட்டகை! அரை லட்சம் சனம்! திறந்ததும் நூறு நாள் ஆட்டம்! மனுசன் செத்தால், மேலே புது மணல் கொட்டி அடுத்த ஆட்டம்!"

கைதி வேஷம், கூண்டு கழுவும் அய்யாசாமிக்கு. "மூணு நாளாப் புலி பட்டினிங்க மொதலாளி... வேணாங்க" என்று கெஞ்சினான். சீறினால்தானே சனம் ரசிக்கும்? முதலாளி பொன்னுத்துரை அவனைப் புலிக்கூண்டுக்குள் தள்ளிப் பூட்டினார்.

"சாதிக்கண்ணே, கதவத் தெறங்கண்ணே!"

பேசு, நிறுத்தாதே என்று முதலாளி சைகை காட்டினார். சாதிக் பாட்சா பேசினார். நடிப்பென்று நினைத்து, வெற்றிலை மென்று துப்பிக்கொண்டே சனம் கைதட்டியது.

குடித்துவிட்டு அவனே நுழைந்தான் என்று போலீசில் முதலாளி சொன்னார். சாதிக் பாட்சா தலையாட்டினார். புலியைச் சுட்டுப் புதைத்தார்கள்.

இப்போது கூடாரத்தை நெருங்க நெருங்க... புலி மூத்திர வாடை. பச்சையாக.

உள்ளே விளக்கில்லை. ஆனால் குழலில் யாரோ பேசுகிறார்கள். "போர்க்கைதிகளை ஏவிக் கட்டிய..."

அது அவருடைய குரல்.

இரும்புக் கதவு சாத்தும் சத்தம்... டங்.

"யாரு வெளிய? சாதிக்கா? கதவத் தெறப்பா!" பொன்னுத்துரைதான். பிறகு அலறல். குழல் பேச்சு நிற்கவில்லை.

என்ன இருந்தாலும் மனுசன் அல்லவா? படுதாவை விலக்கக் கை நீட்டினார். அப்போது காதோரம் ஐஸ் மாதிரி ஒரு மூச்சு.

"நீங்க போவாதீங்கண்ணே... இது ஒங்க ஆட்டம் இல்ல. அது பெறகு."

படகுத்துறை வரும்வரை அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

காலையில் பொன்னுத்துரையைச் சாக்கில்தான் அள்ளினார்கள். கூண்டு வெளியிலிருந்து பூட்டியிருந்தது. அதுகூடப் பெரிதில்லை. உள்ளே போன போலீஸ்காரர் சட்டென்று காலைத் தூக்கிக்கொண்டார். சுற்றிலும், கீழ்வரிசையிலிருந்து உச்சி வரை, ஒவ்வொரு இருக்கைக்கு அடியிலும்... வெற்றிலை எச்சில்.

ஈரம் காயவில்லை.