'அனுமதி' என்று நான் அழுத்திய பொத்தான்

தலைமையேற்றிருக்கும் மணிமேகலை அக்கா அவர்களே, மேடையை நிறைத்திருக்கும் சங்கத்துப் பெரியவர்களே, சூளகிரியில் ஷிஃப்ட் முடித்து, சீருடைகூட மாற்றாமல் வந்திருக்கும் தாய்மார்களே, தங்கைகளே, உங்கள் பாதங்களுக்கு வணக்கம். நான் வீரலட்சுமி. எட்டாவதோடு படிப்பு நின்றது. சொல் தடுக்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தவறவிட்ட சீரியலைக் கைப்பேசியில் தேடினேன். ஒரு பக்கம் திறந்தது. "நீங்கள் ரோபோ இல்லையென்றால் 'அனுமதி' என்பதை அழுத்துங்கள்" என்றது. எங்கள் லைனில் வெல்டிங் வைப்பதே ரோபோதான். எட்டு மணி நேரம் அதன் பக்கத்தில் நிற்கிறவள், 'நான் மனுஷி' என்று சொல்ல வாய்ப்புக் கிடைத்தால் விடுவேனா? அழுத்தினேன். சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார்.

சீரியல் வரவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து அறிவிப்புச் செய்திகள் வந்தன. போனில் வைரஸ் என்று ஒன்று, பரிசு விழுந்தது என்று ஒன்று, ஓயாமல், ஒழியாமல்.

"ஏன் புள்ள, கட்டுன புருசன் நாளைக்கு ஒரு மெசேஜ் போட்டாலே அதிகம். இந்த வைரஸ்காரன் மணிக்கு நாப்பது போடுறானே, உன் மேல அம்புட்டுப் பாசமா?" என்பார் என் அழகர்சாமி.

கம்பெனி வாசலில் கைப்பேசியை வாங்கி வைத்துவிடுவார்கள்; உங்களுக்குத் தெரியாததா? மாலையில் திரும்ப வாங்கினால் திரை நிறையக் குப்பை. படிப்பேனா? மொத்தமாகத் தள்ளி அழித்துவிட்டுப் பஸ் ஏறுவேன்.

ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான் அழித்தேன். சந்தையில் தக்காளி பொறுக்கினேன். என்னோடு வேலை செய்யும் ஃபரீதாவோடு நின்று டீ குடித்தேன். வீட்டுக் கதவைத் திறந்தால், அவர் தரையில் கிடந்தார். உடம்பில் சூடு இருந்தது. உயிர் இல்லை.

அவர் கைப்பேசியில்தான் பார்த்தேன். இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறார். பிறகு எழுதியிருக்கிறார்: "நெஞ்சு அடைக்குது வீரா. சீக்கிரம் வா." நான் வாசலில் போனை வாங்குவதற்குப் பத்து நிமிடம் முன்னால்! அத்தனை குப்பைக்கு நடுவே ஒரு உயிர் கிடந்தது, தாய்மார்களே! என் விரலாலேயே தள்ளினேன்.

"அழாத வீரா" என்கிறாயா ஃபரீதா? அழவில்லை, கேட்கிறேன். என்னை ஏமாற்றி அனுமதி வாங்கியவனுக்கு ஊர் ஏது? பேர் ஏது? முகம் ஏது? யாரைக் கைகாட்டுவேன்? அறியாமல் அழுத்தினேன். அறியாமல் அழித்தேன். அறிந்தபோது அவர் இல்லை!

முன்பின் தெரியாத பக்கம் எதைச் சொல்லிக் கேட்டாலும் 'அனுமதி' கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டவர்கள் வெட்கப்படாதீர்கள். பிரவுசர் செட்டிங்ஸில் அறிவிப்புகள் என்று இருக்கும். அந்தப் பக்கத்தின் பெயரைத் தேடி அணைக்க வேண்டும். ஃபரீதாவின் மகள் ஜைபா சொல்லித் தந்தாள். ஒரு நிமிட வேலை. அந்த ஒரு நிமிடத்தை நான் கற்றது அவருடைய பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு.

கூட்டம் முடிந்ததும் படிக்கட்டருகே நிற்பேன். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று ஓடிவிடாதீர்கள். போனை நீட்டுங்கள், ஒவ்வொன்றாய் அணைத்துத் தருகிறேன். பேச இடம் தந்த அக்காவுக்கும், என் துக்கத்தை உங்கள் துக்கமாய்க் கேட்ட உங்களுக்கும் நன்றி சொல்லி, கைகூப்பி இறங்குகிறேன். வணக்கம்.