பூச்சியம் அழுத்தியவர்

இரவு பத்தரை இருக்கும். பாமன்கடையில், கால்வாயை ஒட்டிப் போகிற ஒழுங்கை. மழை விட்டிருந்தது, கால்வாய் நாற்றம் விடவில்லை. ஒரு நாய்கூட இல்லை... தாரிகா மட்டும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, தேங்கி நின்ற தண்ணீருக்குள்ளால் நடந்து வருகிறாள்.

தாரிகா யாரென்றால், என்னோடு வேலை செய்கிற சாமினியின் மச்சாள். தெஹிவளையில் ஒரு பார்மசியில் பின்னேர வேலை. ஷபீகா, சிரிப்பதென்றால் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். வார்டு வாசலில் எத்தனை இரவாகக் குந்தியிருக்கிறோம். நித்திரையும் இல்லை, தேத்தண்ணியும் ஆறிப்போயிற்று. கேட்டால் கேளுங்கள். ஆனால் அந்த போனை மட்டும் அணைத்துவிடுங்கள். அந்த 'டிங்' சத்தம் எனக்கு ஆகாது.

இதே 'டிங்'தான். தாரிகாவின் தாய் அன்னபாக்கியத்துக்கு முழங்கால் ஒப்பரேஷன் முடித்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். ஆஸ்பத்திரியின் ஆப் ஒன்று பின்னேரமானால் சத்தம் போட்டுக் கேட்கும். வலி எவ்வளவு? காய்ச்சல் உண்டா? காயத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள்... பூச்சியம் என்றால் வலியே இல்லை, பத்து என்றால் தாங்கமுடியாது. அங்கே ஒரு சிஸ்டர் இருந்து பார்ப்பார்.

அந்த ஆப் இருந்தது தகப்பன் நாகேந்திரத்தின் போனில். போன வருஷம் அவருக்கு நெஞ்சைத் திறந்து ஒப்பரேஷன். மகள் லீவு எடுத்தால் வேலை போய்விடும் என்று, மனிதர் ஒவ்வொரு நாளும் பூச்சியத்தையே அழுத்தினார். படம் அனுப்பவேயில்லை. "ஒண்டுமில்லை பிள்ளை, நீ வேலைக்குப் போ" என்பாராம். உள்ளே சீழ் கட்டியது தெரியவந்தபோது எல்லாம் பிந்திவிட்டது. பொரளைக் கனத்தை மயானத்தில் எரித்தார்கள்.

தாயைப் புதிதாகப் பதிய வேண்டும் என்று தாரிகாவுக்குத் தெரியும். அடையாள அட்டை, போனுக்கு வருகிற கோட் நம்பர், அது இது... அவளுக்குக் களைப்பு. பிறகு மாற்றுவோம் என்று தகப்பனின் பெயரிலேயே விட்டுவிட்டாள். தாய்க்கும் அதுதான் விருப்பம். "அப்பான்ரை பேர் அதிலை கிடக்கட்டும்" என்றாராம். போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, அவ்வளவு பெரிய கட்டிலில் சுவர்ப்பக்கம் முழுவதையும் விட்டுவிட்டு விளிம்பில் படுப்பார். "விழப்போறியள் அம்மா, நடுவிலை படுங்கோ" என்று மகள் ஏசாத நாள் இல்லை.

அந்த ஒழுங்கையில்தான் தாரிகாவின் போன் அடித்தது. சிஸ்டர்.

"மிஸ், வலி எட்டு எண்டு வந்திருக்கு. காய்ச்சலும் போட்டிருக்கு. ஏன் இன்னும் கூட்டிக்கொண்டு வரேல்லை?"

விழுந்தடித்து ஓடினாள். தாய் விளிம்பில் சுருண்டு கிடந்தார். உடம்பு நெருப்பு.

"ஒண்டுமில்லை பிள்ளை. நான் சைபர்தானே அமத்தினனான்."

தாரிகா முழங்கால் கட்டை அவிழ்த்தாள். மஞ்சளாக... ஒரு மணம். கடைசி நாட்களில் தகப்பனின் சட்டையில் வந்த அதே மணம்.

"நீங்களுமா அம்மா!" என்று குழறி அழுதபடி ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனாள். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் ஆளே இல்லை என்றாராம் டொக்டர்.

பிறகு அவள் நினைத்தது, நீங்கள் இப்போது நினைப்பதுதான். அப்பாதான் எட்டை அழுத்தியிருக்கிறார். அவர் படத்துக்கு விளக்கு வைத்தாள். "அப்பா காப்பாத்திப்போட்டார்" என்று சாமினியிடம் சொல்லி அழுதாள். சாமினி எனக்குச் சொல்லி அழுதாள். நானும் கொஞ்சம் அழுதேன், பொய் ஏன்.

காயம் ஆறியது. தாய் ஊன்றுபொல்லை விட்டுவிட்டு நடந்து, கோயிலுக்கும் போய்வந்தார். தாரிகா ஆப்பை அழித்தாள். தகப்பனின் போனை அணைத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். அன்றைக்குப் பின்னேரம் தாயின் கட்டிலுக்குப் புது விரிப்பு ஒன்றும் வாங்கி விரித்தாள். நீலத்தில் வெள்ளைப் பூ. அப்பாடா, இனியாவது நிம்மதியாகப் படுக்கலாம் என்று இருந்தவளுக்கு, இரவு சிஸ்டர் எடுத்தார். குரலே சரியில்லை.

"மிஸ், அம்மாக்கு சுகம்தானே? எட்டு, ஒன்பது எண்டு வந்துகொண்டேதான் இருந்தது. டொக்டர் பாத்திட்டு சுகம் எண்டபடியால் நானும் விட்டிட்டன். இண்டைக்குப் பத்து. படமும் வந்திருக்கு... இது முழங்கால் இல்லை மிஸ்."

படத்தை அனுப்பினார். தாரிகா திறந்தாள்.

ஒரு நெஞ்சு. நடுவில் மேலிருந்து கீழே, தையல் விட்டுப் பிளந்த காயம். அதன் ஓரமெல்லாம் கரி.

அந்த எட்டு அம்மாவுக்காக அழுத்திய எட்டு இல்லை. பாவம், மனிதருக்கு இன்னும் நோகிறது... உயிரோடு இருந்தபோது சொல்லாததை இப்போது சொல்கிறார். யார் போய் மருந்து கட்டுவது?

படத்தின் மூலையில் ஒரு துண்டுத் துணி தெரிந்தது. நீலம். வெள்ளைப் பூ.

தாயின் அறைக் கதவைத் தள்ளினாள். அந்த மணம். கை தானாக லைட்டைப் போட்டது. தாய் விளிம்பில்தான் படுத்திருந்தார். கண்ணைத் திறக்கவில்லை. மெதுவாகச் சொன்னார்:

"லைட்டை நிப்பாட்டு பிள்ளை. அப்பா இப்பதான் கண்ணயர்ந்தவர்."